செபமாலை மணி சோறாகுமா?

நடுவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, சபையோரே, வணக்கம். கணவனை இழந்த பெண்ணை எழுப்பி நிறுத்துவது வாழ்வாதாரமா, விசுவாச உறவா என்பது கேள்வி. விசுவாச உறவே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தம்பி ஒன்று கேட்டுக் கைதட்டு வாங்கிப் போனார்: "செபமாலை மணியை உலையில் போட்டால் சோறாகுமா?" ஆகாது தம்பி. ஆனால் உலை வைக்க ஆள் எழும்ப வேண்டுமே! என் சின்னம்மாவின் கதையை, அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

2009இல் போரின்போது முல்லைத்தீவு மாத்தளனில் செல், அதாவது எறிகணை, விழுந்து சித்தப்பா போய்விட்டார். பங்கருக்குள்ளேயே மண் மூடிவிட்டு, மகளை இழுத்துக்கொண்டு ஓடினார் சின்னம்மா. பிறகு இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாம், பிறகு ஊரில் தகரக் கொட்டில். வாழ்வாதாரம் வந்தது: பத்துக் கோழியும் ஒரு தையல் மிசினும். கோழிகளைக் கீரி தின்றது. மிசின் உறை கழற்றாமல் மூலையில் கிடந்தது. கலியாண வீடொன்றில் "நீ பின்னுக்கு நில்" என்றார்கள். அதன்பின் அவர் படலை தாண்டவில்லை.

ஒரு பின்னேரம், அயல்வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியத்துப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். கதவு திறக்கவில்லை. சரி என்று திண்ணையில் இருந்து செபமாலையின் 53 மணியும் உருட்டி முடித்துப் போனார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்? அதேதான், நடுவர் அவர்களே! உள்ளேயிருந்து "போங்கோ" என்று சத்தம். "செபம் முடியப் போறம் பிள்ளை" என்று வெளியே பதில். நான்காம் நாள் மாரி மழை. தகரத்து ஒழுக்கில் ஐந்து பேரும் நனைகிறார்கள், செபம் நிற்கவில்லை. கதவு திறந்தது! "உள்ளுக்கு வாங்கோ, தடிமன் பிடிக்கப்போகுது." பிளேன்ரீ வைத்தார், வீட்டில் சீனி இல்லை. மறுநாள் ஐந்து முந்தானையிலும் ஆளுக்கொரு சீனிப் பொட்டலம்!

அதில் மூன்று பேர் தாங்களும் துணையை இழந்தவர்கள். ஆறுதல் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஓர் ஆச்சி மட்டும் சொன்னார்: "எங்கட மடுக் கோயில் மாதாவே, சுரூபத்தோட, சண்டையால 2008 சித்திரையில தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து போனவ. ஆவணியிலதான் திரும்பி வந்தவ. அவவுக்கு உன்னைத் தெரியாதோ பிள்ளை?"

தம்பி, மிசின் தந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் தந்துவிட்டுப் போனார்கள். இவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

செபமாலையில் சொல்லும் அருள்நிறை மந்திரத்தில் பின்பாதி சின்னம்மாவின் பங்கு. "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்று வருமிடத்தில் குரல் அடைத்துவிடும். சித்தப்பாவின் மரண நேரத்தில் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லையே என்பது உள்ளே கிடந்தது. அடைக்கும்போதெல்லாம் மற்ற ஐந்து பேரும் அந்த வரியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. தவக்காலம் போனது, பாஸ்கா போனது. ஒரு பின்னேரம் அந்த வரியை அவரே முழுதாகச் சொன்னார். மற்றவர்கள் பேசாமல் இருந்து கேட்டார்கள்.

அன்றிரவு மிசின் உறையைக் கழற்றினார். ஆவணி மடுத் திருவிழாவுக்கு என்று மகளுக்கு ஒரு சட்டை தைத்தார். மஞ்சள் சட்டை, நடுவர் அவர்களே.