அல்சூர் பட்டறையின் ஏழு நோட்டுகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரு அல்சூரில், ஏரிக்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் எங்கள் சாக்லேட் பட்டறை இருக்கிறது. எனக்கு இந்தத் தொழிலில் 14 ஆண்டுகள். பளிங்குக் கல்லுக்குப் பக்கத்தில் ஆணியில் எப்போதும் ஒரு நோட்டு தொங்கும். தேதி, அறையின் வெப்பம், காற்றின் ஈரம், அன்று சாக்லேட் எப்படி இறுகியது என்று நாளுக்கு ஒரு வரி. அப்படி ஏழு நோட்டுகள் சேர்ந்துவிட்டன. பக்கத்துக்குப் பக்கம் விரல் ரேகையோடு பழுப்புக் கறை. அவற்றை வைத்துத்தான் சாக்லேட் செய்கிறவனின் பிழைப்பைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதியது சமையல் குறிப்பாகவே வந்தது. இத்தனை கிராம் கொக்கோ, இத்தனை கிராம் சர்க்கரை. நாற்பது பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். அளவை எவரும் சொல்லிவிடுவார்கள். கைக்குத் தெரிந்ததை எழுத ஆசைப்பட்டேன், சிக்கியதும் அங்கேதான்.

சாக்லேட்டில் இருக்கும் கொழுப்பான கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறைந்து படிகமாகும். ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டும். பளபளப்பு, உடைக்கும்போது ‘டக்’கென்ற ஒலி, வாயில் வைத்ததும் கரைவது எல்லாம் அதனால் வருபவை. அதற்காகக் கறுப்புச் சாக்லேட்டை 45 டிகிரிக்கு மேல் உருக்கி, பெரும்பங்கைப் பளிங்கில் ஊற்றி, ஸ்கிரேப்பரால் விரித்தும் வழித்தும் 27, 28 டிகிரிக்கு இறக்கி, மீதியோடு கலந்து 31, 32க்கு ஏற்றுவோம். தொழிலில் இதன் பெயர் டெம்பரிங். புத்தகத்தில் ‘வெப்பச் சீராக்கம்’ என்று எழுதிவைத்தேன்.

என்னோடு பத்து ஆண்டுகளாக வேலை செய்யும் அக்கா ஒருவர் இருக்கிறார். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் வாசிக்க வராது. இந்த ஊரில் அப்படி எத்தனையோ பேர். அதனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும், அவர் பெட்டிக்கு ரிப்பன் கட்டும் நேரத்தில் வாசித்துக் காட்டுவேன். ‘வெப்பச் சீராக்கம்’ வந்ததும் ரிப்பன் நின்றது. “அது என்ன தம்பி?” விளக்கினேன். “பதம் என்று எழுத வேண்டியதுதானே?” என்றார்.

கம்பிப் பதம், உருட்டுப் பதம் என்று பாகுக்குச் சொல்லும் அதே சொல். பதம் வந்துவிட்டதா என்று கல்முன் நின்று தினமும் கேட்பவனே நான்தான். பேனாவைப் பிடித்ததும் அது என்னைவிட்டுப் போயிருந்தது. அன்றிலிருந்து புத்தகம் முழுக்கப் பதம்தான். வெப்பமானி இருந்தாலும் ஒரு துளியைக் கீழுதட்டில் தொட்டுப் பார்ப்போம். உடம்புச் சூட்டைவிடக் குறைவென்பதால் லேசாகக் குளிரும். இதையும் எழுதியிருக்கிறேன்.

விட்டுவிடலாமா என்று பலநாள் யோசித்த அத்தியாயம் ஒன்று உண்டு. வேறோர் இடத்தில் சம்பளத்துக்கு இருந்த காலம், மே மாதம், கல்யாணத்துக்கு 300 பெட்டி. இரவில் மின்சாரம் போய்க் குளிர்சாதனம் நின்றுவிட்டது. காலையில் திறந்தால் ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைப் படலம். சாக்லேட் இளகி மறுபடி இறுகும்போது கொழுப்பு மேலேறிப் படிவதால் வருவது அது. தின்றால் கெடுதல் இல்லை. கல்யாண வீட்டார் பூஞ்சை என்றே எண்ணினார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. நஷ்டத்தை எங்கள் மூன்று பேர் சம்பளத்தில் பிடித்தார்கள். இதையும், தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வீங்கும் மணிக்கட்டையும் எழுதாமல் என் தொழிலை எழுதியதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புத்தகத்துக்காகவே போன வருடம் பொள்ளாச்சி வழியாக ஆனைமலைக்குப் போனேன். இத்தனை வருடம் சாக்லேட்டைத் தொட்டவன் கொக்கோ மரத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். தென்னைகளுக்கிடையே, நிழலில், பலாவைப்போல அடிமரத்திலேயே காய்த்திருந்தது. வெட்டிய காய்க்குள் வெள்ளைச் சதை, புளிப்போடு இனிப்பு. விதையைக் கடித்தால் ஒரே கசப்பு. சதையோடு விதையை மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிடுகிறார்கள். குவியலுக்குள் கையை விட்டேன், சுட்டது. காடி நெடி மூக்கில் ஏறியது. சாக்லேட் மணம் அந்தச் சூட்டில்தான் உருவாகத் தொடங்குகிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விதையிலிருந்தே சாக்லேட் செய்யும் சிறு பட்டறைகள் பலவும், கோயம்புத்தூர் மாவு கிரைண்டரின் வழிவந்த கல் இயந்திரத்தில் அரைத்துத்தான் தொடங்கின. அதை எழுதிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன வாரம் பளிங்குக் கல் அத்தியாயத்தை அக்காவுக்கு வாசித்தேன். “சத்தம் எங்கே தம்பி?” என்றார். உண்மைதான். முதலில் ஸ்கிரேப்பர் கல்லில் வழுக்கிக்கொண்டு போகும். சாக்லேட் கனக்கக் கனக்க உரசல் மாறும். அக்கா முதுகைக் காட்டி நின்றபடியே அதைக் கேட்டு, “போதும், எடுத்துவிடு” என்பார். நான் அதை எழுதவே இல்லை. இப்போது அந்த அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வணக்கம்.