யாரோ ஒரு மேஸ்திரியோட ஸ்பேனர்

எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிஷம் பேசணும், எழுதி எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க. எழுதினேன், வீட்ல படிச்சுக் காட்டினா என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிக்குது, “இன்னாப்பா இது, கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது”ன்னு. அதக் கிழிச்சுப் போட்டுட்டு வாயில வர்ற மாதிரியே திருப்பி எழுதிட்டு வந்துட்டேன், தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

எனக்கு வடசென்னை கொருக்குப்பேட்ட. தொழில் ஃபிட்டர். ஐ.டி.ஐ படிச்சுட்டு ஒரு லேத் பட்டறைல எடுபிடியா சேர்ந்தவன், இப்ப சொந்தமா பம்பு, மோட்டார், கேட்டு, ஷட்டர்னு எது மக்கர் பண்ணாலும் போவேன். என் பட்டறைல கிடக்குற டூல்ஸ்ல முக்காவாசி எனக்கு முன்னாடி வேற யாரோ கை வச்சதுதான். அத எப்படிப் பார்த்து வாங்குறதுன்னு சொல்லத்தான் வந்தேன். வெளிநாட்டுல எல்லாம் லீவு நாள்ல கார் ஷெட்டத் தொறந்து வச்சு வீட்டு வாசல்லயே பழைய சாமான விப்பாங்களாம், யூட்யூப்ல காட்றான். நம்ம ஏரியாவுல ஷெட்டுக்கு எங்க போறது, காரே தெருவுலதான் நிக்குது. நமக்கு காயலான் கடை, பிளாட்பாரம், சந்தை, அவ்ளோதான்.

சின்ன வயசுல எங்கப்பா என்ன மூர் மார்க்கெட் கூட்டிட்டுப் போவாரு. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல செவப்புக் கட்டடம், வெள்ளைக்காரன் காலத்துது. பழைய புக்கு, கிராமபோன் தட்டு, கடியாரம், எல்லாம் கிடைக்கும், ஆனா எங்கப்பா கண்ணு எல்லாம் தரையில விரிச்ச சாக்கு மேலதான். குந்தினு ஒவ்வொரு ஸ்பேனரா எடுத்து வாசனை பார்க்குற மாதிரி மூக்குகிட்ட வச்சுப் பார்ப்பாரு. 1985 மே மாசக் கடைசில அது எரிஞ்சு போச்சு, நான் அப்ப நாலாங்கிளாஸ். மறுநாள் எங்கப்பா வேலைக்குப் போகல. கடைங்கள அப்புறம் லில்லி பாண்ட் காம்ப்ளக்ஸ்னு பக்கத்துலயே கட்டிக் கொடுத்தாங்க, பழைய இடத்துல இப்ப ரயில்வே கட்டடம் நிக்குது.

அப்பா பி அண்ட் சி துணி மில்லுல ஃபிட்டரு. 1996-ல மில்ல மூடினப்ப புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி பக்கம் எத்தினி வீட்ல டூல் பெட்டி வெளிய வந்துச்சுன்னு நான் பார்த்திருக்கேன், அரிசி வாங்க வித்தவங்க, பொண்ணு கல்யாணத்துக்கு வித்தவங்க. அந்த சாமான் எல்லாம் இங்கயேதான் கைமாறி கைமாறி சுத்திட்டு இருக்கு. அதனால வடசென்னைல நீங்க எடுக்குற பழைய டூல் ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஒரு மேஸ்திரி இருக்காரு. டூல வாங்குறதுக்கு முன்னாடி நான் அந்த ஆள பார்த்துடுவேன்.

அது எப்படின்னு கேட்டா, வைஸ் கதைய சொல்றேன், வைஸ்னா சாமான ரெண்டு தாடைக்கு நடுவுல இறுக்கிப் பிடிக்கிறது. வியாசர்பாடில ஒரு மேஸ்திரி தவறிட்டாரு, அவரு பையன் கம்ப்யூட்டர் வேலை, வீட்ல இடம் இல்லன்னு எல்லாத்தையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடப் போறான்னு ஒரு டீக்கடைல காதுல விழுந்துச்சு. போனேன். கட்டிலுக்கடியில அஞ்சு இஞ்ச் வைஸ், ஷெபீல்டுன்னு இங்கிலாந்து ஊரு பேரு அச்சு. நான் அந்த அச்ச பார்க்கல, தாடைய பார்த்தேன். ரெண்டு தாடையிலயும் அலுமினியத் தகடு மடிச்சு மாட்டி இருந்துச்சு, பிடிக்கிற சாமான்ல கீறல் விழக் கூடாதுன்னு. அப்புறம் முழுசாத் தொறந்து உள்ள ஸ்குருவ பார்த்தா கிரீஸ் தடவி பழைய வேட்டித்துணி சுத்தி வச்சிருக்காரு. அங்கயே எனக்கு ஆள் தெரிஞ்சு போச்சு. காயலான் கடைல 600 சொல்லி இருந்தாங்க, நான் 1500 கொடுத்தேன். மேஸ்திரியோட சம்சாரம், அந்த ஆயா சொல்லுச்சு, “தெனமும் சாய்ங்காலம் அத்தத் தொடைச்சிட்டுதான் சோறு துன்ன ஒக்காருவாரு.” பதினோரு வருஷம் ஆச்சு, அந்த வைஸ்ல இன்னும் ஒரு நூல் ஆட்டம் கிடையாது.

எல்லா வைஸும் அப்படி வராது. முழுசாத் தொறந்து நகர்ற தாடையப் பிடிச்சு மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஸ்குருவுல மரை அடிக்கடி பிடிக்கிற இடத்துலதான் தேயும், மத்த இடம் புதுசு மாதிரியே இருக்கும், தேஞ்ச இடத்துல கத்தி மாதிரி கூரா ஆயிருந்தா விட்டுடுங்க. தாடைய மூடி வெளிச்சத்துக்கு எதிரா வச்சா இடைவெளி மேல ஒரு மாதிரி கீழ ஒரு மாதிரி தெரியக் கூடாது. கடைசியா சின்ன சுத்தியால ஒரு தட்டு. நல்ல வார்ப்பு மணி மாதிரி பேசும், விரிசல் இருந்தா டொக்குனு செத்த சத்தம் வரும். வார்ப்பிரும்ப வெல்டிங் வச்சு ஒட்டி பெயிண்ட் அடிச்சு கொண்டாருவாங்க, அது அடுத்த தடவ அதே இடத்துல வுட்டுக்கும்.

பெயிண்டுன்னதும் ஞாபகம் வருது. ஒரு தடவ நான் நல்லா ஏமாந்தேன், எங்கன்னு சொல்ல மாட்டேன், வித்தவன் இன்னும் அங்கயேதான் கடை போட்டிருக்கான். நீலக் கலர் டிரில்லிங் மிஷின், புதுசு மாதிரி பளபளன்னு, 900 ரூபா. பக்கத்து ஜூஸ் கடைல பிளக்க சொருகி ஓட்டியும் காட்டினான், சர்ருனு ஓடுச்சு. வூட்டுக்கு வந்து செவுத்துல முதல் ஓட்டை போடுறதுக்குள்ள பொகை, காந்தல் நாத்தம், மோட்டார் உள்ள சுத்துற ஆர்மேச்சர் போயிந்தி. ஏற்கெனவே எரிஞ்ச மிஷின், ஏதோ ஒப்பேத்தி, ஒரு நிமிஷம் ஓடுற மாதிரி பண்ணி வச்சிருக்கான். அதுல இருந்து பெயிண்ட் அடிச்ச எதையும் நான் தொடுறதில்ல. அழுக்கு புடிச்ச மிஷின் பொய் சொல்லாது, கேபிள் தோல் வெடிச்சிருக்கா, பிட்ட பிடிக்கிற சக்குல பிட்டு வழுக்கி வழுக்கி தேய்ஞ்சிருக்கா, எல்லாம் வெளியவே தெரியும். இப்பல்லாம் அஞ்சு நிமிஷமாவது ஓட்டச் சொல்லுவேன், உள்ள கார்பன் பிரஷ்கிட்ட தெரியுற நெருப்பு சின்னதா நீலமா இருந்தா பரவால்ல, மஞ்சளா வட்டம் போட்டு சுத்துச்சுன்னா வணக்கம் சொல்லிட்டு கிளம்பிடுவேன். நிறுத்தின உடனே கைய வச்சு சக்க சுத்தினா பேரிங் கரகரன்னு பேசக் கூடாது.

கிரைண்டர் வாங்கினா டிஸ்க்க மறைக்கிற கார்டு, அந்த மூடி இல்லாத கிரைண்டர் வாங்காதீங்க. நாலு இஞ்ச் மிஷின் நிமிஷத்துக்கு 11,000 சுத்துக்கு மேல சுத்துது, அதுல டிஸ்க் ஒடஞ்சா மூஞ்சிக்குத்தான் வரும். டிஸ்க்க பழசா வாங்கவே வாங்காதீங்க, அதுல நடுவுல இருக்குற தகரத்துல தேதி போட்டிருப்பான், பிசின்ல செஞ்சது, நாளானா வலு போயிடும். ஜாக்கி, செயின் பிளாக், கேஸ் வெல்டிங் ஓசு, இடுப்புல கட்டுற பெல்ட்டு, இதெல்லாமும் அப்படித்தான், உசுரு தொங்குற சாமான் புதுசாத்தான் இருக்கணும்.

சரி, கைச்சாமானுக்கு வருவோம், லாபம் அங்கதான் இருக்கு. நான் சந்தைக்குப் போனா பையில ஒரு எட்டு எம்.எம் போல்ட்டு, ஒரு பத்து எம்.எம் போல்ட்டு, ஒரு துண்டு அரம், கொஞ்சம் காட்டன் வேஸ்ட், அவ்ளோதான் எடுத்துப்பேன். எட்டு எம்.எம் போல்ட்டோட தலை 13, அத 13 ஸ்பேனர்ல வச்சு ஆட்டிப் பார்த்தா வாய் விரிஞ்சிருக்கா இல்லையான்னு கை சொல்லிடும். ஸ்பேனர் வாலுல சுத்தியடி தழும்பு இருந்துச்சுன்னா அது முரட்டு ஆள் கையில இருந்தது, வாயும் விரிஞ்சுதான் இருக்கும். உளி வாங்குறப்போ முனையில நீலம் ஏறி இருந்தா எவனோ கிரைண்டர்ல வச்சு காய்ச்சி பதத்த எடுத்துட்டான், அரத்த வச்சு லேசா இழுங்க, வழுக்கினா பதம் இருக்கு, கடிச்சா போச்சு.

ரசமட்டம் சரியா இருக்கான்னு பிளாட்பாரத்துலயே பார்க்கலாம், தரை மட்டமா இருக்கணும்னு அவசியமே இல்ல. எங்கயாவது வச்சு குமிழி எங்க நிக்குதுன்னு பாருங்க, அப்புறம் அதே இடத்துல முன்பின்னா திருப்பி வைங்க. குமிழி மொத சாஞ்ச அதே திசைக்கு அதே அளவு சாஞ்சா மட்டம் சுத்தம், தரைதான் கோணல். இந்தப் பக்கம் சாஞ்சது இப்ப அந்தப் பக்கம் சாஞ்சா மட்டமே கோணல். நான் இத செஞ்சு காட்டினப்ப கடைக்காரரே அசந்து போயி, “அண்ணே, மீதி இருக்குறதையும் கொஞ்சம் பார்த்துக் குடுத்துட்டுப் போண்ணே”ன்னு உக்கார வச்சுட்டாரு. பன்னெண்டு மட்டம் பார்த்தேன், நாலு தேறிச்சு, டீயோட ஒண்ணு சும்மா கொடுத்தாரு.

யாருக்கும் தெரியாத ஒரு சமாச்சாரம் சொல்றேன், இதுலதான் நெறைய சாமான் அடிமாட்டு விலைக்குப் போகுது. நம்ம ஏரியாவுல பழைய ஸ்பேனர்ல 3/8 டபிள்யூ, 1/4 டபிள்யூன்னு அடிச்சிருக்கும். மில்லு, ரயில்வே பட்டறை, ஹார்பர், எல்லாம் இங்கிலாந்து மிஷின் வச்சு ஓடின காலத்து சாமான், 1950-கள்ல திருவொத்தியூர்ல என்ஃபீல்டு ஃபேக்டரி வந்து செஞ்ச பழைய புல்லட்டுக்கும் இங்கிலாந்து அளவு நட்டுதான். டபிள்யூன்னா விட்வொர்த், இங்கிலாந்தோட பழைய நட்டு போல்ட்டு அளவு. விக்கிறவன் 3/8 இஞ்ச்னா ஒம்போதரை எம்.எம்னு நெனச்சு போல்ட்ட வச்சுப் பார்ப்பான், லொடலொடன்னு ஆடும், “டூப்ளிகேட்டு மால்”னு எடைக்கு தள்ளிடுவான். அந்த நம்பரு போல்ட்டோட தடிமன், வாயோட அளவு இல்ல. 3/8 டபிள்யூ ஸ்பேனர் வாய் 18 எம்.எம், 1/4 டபிள்யூ 13.3. பழைய புல்லட் வச்சு சோறு திங்குற மெக்கானிக் அந்த செட்டத் தேடிக்கினு அலையுறான், இங்க அது கிலோ கணக்குல கிடக்குது. நான் அப்படி ரெண்டு செட்டு எடுத்து ஒண்ண வித்தே இன்னொண்ணோட காசையும் எடுத்துட்டேன், பொய் சொல்லல.

எங்க போறதுன்னா, பெரிய சந்தைன்னா பல்லாவரம் வெள்ளிக்கிழமைதான், பீச் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் டிரெயின் ஏறினா நேரா இறங்கலாம். சந்தைக்கு ரெண்டு நேரந்தான், விடியற நேரம் போனா நல்ல சாமான், முடியற நேரம் போனா நல்ல விலை, நடுவுல போனா வெயில்தான். ஒத்தையா விலை கேக்காதீங்க, ரெண்டு வேண்டாத சாமானையும் சேர்த்து லாட்டாக் கேளுங்க. ஆனா எனக்கு சந்தைய விட காயலான் கடைதான் ராசி. கடை பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, டூல் பெட்டி ஏதாவது வந்தா தராசுல ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுப்பான்னு சொல்லி வைக்கணும்.

துருவுக்குப் பயப்படாதீங்க. எண்ணூர் காத்துல புது சாமானே ஒரு மழைக்காலத்துல செவக்குது. நாட்டு மருந்துக் கடைல எலுமிச்சை உப்பு வாங்கி வெந்நீர்ல கரைச்சு ஒரு ராத்திரி ஊற வச்சா மேல் துரு கழண்டுடும். அப்புறம் ஆப்ப சோடா தண்ணில கழுவி, நல்லா காய வச்சு, உடனே எண்ணெய் போடணும், எண்ணெய மறந்தா மறுநாளே திரும்ப செவந்துடும். நிக்கல் பூச்சு போட்டத ஊற வைக்காதீங்க, உரிஞ்சு கைய அறுக்கும்.

அப்புறம் திருட்டு மால். சைட்ல இருந்து காணாமப் போற டூல்ஸ் எங்கயோ ஒரு சாக்கு மேலதான் வந்து படுக்கும். புது மிஷின் பாதி விலைக்கு வருது, சார்ஜர் இல்ல, பெட்டி இல்ல, நம்பர் பிளேட்ட சொரண்டி இருக்குன்னா அத எடுக்காதீங்க. தெரிஞ்சே வாங்கினா வாங்கினவன் மேலயும் கேஸ் உண்டு, முன்னாடி ஐ.பி.சி 411, 2024 ஜூலைல இருந்து வந்த புது சட்டத்துல 317-ன்னு போடுறாங்க, மூணு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம். அத விடுங்க, எவனோ ஒருத்தன் மறுநாள் வேலைக்குப் போக முடியாம வூட்ல குந்தினு இருப்பான்.

நானே குந்தினு இருந்திருக்கேன். ராயபுரத்துல ஒரு சைட்டு, டீ குடிச்சுட்டு வர்றதுக்குள்ள பையோட காலி. எங்கப்பா மில்லுல வச்சிருந்த ரிங் ஸ்பேனர் செட்டு அது, ஒவ்வொண்ணுலயும் பிடி நடுவுல சென்டர் பஞ்ச்சால மூணு புள்ளி அடிச்சிருப்பாரு. ரெண்டு மாசம் கழிச்சு வால்டாக்ஸ் ரோடு பக்கம் ஒரு பிளாட்பாரத்துல பழைய பைப் ரெஞ்சு ஒண்ண புரட்டுறேன், அதுக்கடியில மூணு புள்ளி. 16-17 ஸ்பேனர். எடுத்த உடனே கைக்குத் தெரிஞ்சு போச்சு. கடைல உக்காந்திருந்தது ஒரு பதினாறு வயசுப் பையன், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, யாரோ லாட்டா போட்டுட்டுப் போனதுன்றான். அறுபது சொன்னான். நான் நாப்பது கொடுத்தேன். “மூணு புள்ளி கீதே, இன்னாண்ணே அது?”ன்னு கேட்டான். கம்பெனி மார்க்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். உன் சாமானுக்கு நீயே துட்டு கொடுத்துட்டு அதுல பேரம் வேற பண்ணியான்னு வூட்ல அம்மா இன்னும் கேட்டுக்கினு இருக்காங்க.

அதுக்கப்புறம் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சுத்தி 10-11, 14-15, 20-22 மூணும் வேற வேற இடத்துல எடுத்துட்டேன். 12-13 மட்டும் இன்னும் ஆப்புடல. பார்த்தீங்கன்னா வாங்கி வைங்க, மூணு புள்ளி, நடுப்புள்ளி கொஞ்சம் மேல ஏறி இருக்கும், அப்பாவுக்கு அன்னிக்கு கை நடுங்கி இருக்கும் போல. காசு நான் கொடுத்துடுறேன். வணக்கம்.