கத்தி வைக்கும் முன்னால் ஒரு ஊசி

நேயர்களுக்கு வணக்கம். 31 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றே பழகியவள், இப்போது உட்கார்ந்து பேசச் சொல்கிறார்கள், அதுவே புதுசாக இருக்கிறது.

எங்கள் மன்னார்குடிப் பக்கம் யாராவது குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால், ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை நாளைக்கு மாத்திரை குடுத்திருக்காங்க?" கிருமிக்கென்று தனியாக மாத்திரை எதுவும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், டாக்டருக்குத் தொழில் தெரியுமா என்றே பேச்சு வந்துவிடும்.

தையல் சீழ் பிடிக்காமல் இருக்க, அப்புறம் சாப்பிடும் மாத்திரையைவிட முன்னால் போடும் ஒரு ஆண்டிபயாட்டிக் ஊசிதான் பெரிய வேலை செய்கிறது. நாற்று விடும் முன்னால் விதை நேர்த்தி செய்கிறோம் இல்லையா, அந்தக் கணக்குதான். ஜான் பர்க் என்ற அமெரிக்க சர்ஜன் 1961இலேயே கினிப்பன்றிகளை வைத்து இதைக் காட்டிவிட்டார்: கிருமி உள்ளே போகும் முன்போ போன கையோடோ மருந்து போனால் புண் சின்னதாக அடங்குகிறது, மூன்று மணி நேரம் தாண்டிவிட்டால் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

அதனால் செஃபசோலின் போன்ற மருந்தைத் தோலை வெட்டுவதற்கு முந்தைய 60 நிமிஷத்துக்குள் நரம்பில் போட வேண்டும். ஆபரேஷன் 4 மணி நேரத்தைத் தாண்டினாலோ ரத்தம் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ இன்னொரு டோஸ். முழங்கால் மூட்டு மாற்றும்போது தொடையில் பட்டையை இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள், ஊசி அதற்கு முன்பே போயிருக்க வேண்டும். மதகை அடைத்த பிறகு மேட்டூரில் எவ்வளவு திறந்தால் என்ன, கடைமடைக்குத் தண்ணீர் வருமா?

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். ஒரு விவசாயி, குடலிறக்கம். காலை 7 மணிக்கே வார்டில் ஊசி போட்டாயிற்று. நடுவில் அவசர சிசேரியன் இரண்டு நுழைந்துவிட, அவர் மேசைக்கு வரும்போது மணி ஒன்று. கேஸ் ஷீட்டில் ஊசிக்கு நேராக டிக் இருந்தது, எத்தனை மணிக்குப் போட்டது என்று யாரும் பார்க்கவில்லை, நானும்தான். ஆறாம் நாள் தையலில் சீழ். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, அதனால் ஊசி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வருஷம் நடவு முழுக்க அவர் மனைவி வயலில் நிற்க, இவர் டிரெஸ்ஸிங்குக்கு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றுக்கும் நரம்பு ஊசியே போதும் என்றும் இல்லை. பெருங்குடல் ஆபரேஷன் என்றால் முந்தின நாளே பேதி மருந்தோடு ஆண்டிபயாட்டிக் மாத்திரையும் கொடுத்து, மேசையில் ஊசியும் போடுவது வழக்கம். செயற்கை மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் சிமெண்டிலேயே ஜென்டாமைசின் என்ற ஆண்டிபயாட்டிக்கைக் கலப்பதுண்டு. நரம்பில் போகும் மருந்து கண்ணுக்குள் சரியாக இறங்காது, அதனால் கண்புரை ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே துளி மருந்தைச் செலுத்துகிறார்கள். நம் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 6 லட்சம் ஆபரேஷன்களை அலசி 2017இல் வெளியிட்ட கணக்கில், மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற ஆண்டிபயாட்டிக்கை இப்படிச் செலுத்தியபோது உள்கண் தொற்று 10,000க்கு 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்திருந்தது. சிசேரியனில் முன்பெல்லாம் குழந்தைக்கு மருந்து போய்விடுமே என்று பயந்து, தொப்புள்கொடியைக் கட்டிய பிறகுதான் ஊசி போடுவோம், இப்போது வெட்டும் முன்பே போடுகிறார்கள், தாய்க்குத் தொற்று குறைகிறது.

சரி, ஆபரேஷன் முடிந்த பிறகு? தடுப்புக்காகப் போட்ட மருந்தை அதன்பின் நீட்டிக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே சொல்லிவிட்டது. நீட்டினால் வயிற்றுப்போக்கும் மருந்துக்கு அடங்காத கிருமியும்தான் மிச்சம். ஆனால் அப்பெண்டிக்ஸ் வெடித்துச் சீழோடு வந்தவருக்குக் கொடுப்பது சிகிச்சை, அது வேறு, டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட்டே ஆக வேண்டும்.

அப்புறம், வீட்டிலேயே பிளேடால் முடி மழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில்தான் கிருமி குடியேறும்.

ரிட்டயர் ஆகும் வருஷம் ஒரு பாட்டி, மகனை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, "ஊசி எத்தன மணிக்குப் போட்டீங்கம்மா?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கேஸ் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தேன். டிக் இருந்தது, மணி இல்லை.