ஆல் வீல் டிரைவா, விண்டர் டயரா? பிரேக் அடிக்கும்போதுதான் தெரியும்!

வணக்கம் மக்களே! படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கோங்க. ட்ரைபாட் கெடைக்கல, ஒரு வாளியக் கவுத்துப் போட்டு அது மேல போன நிக்க வச்சிருக்கேன். பின்னாடி அடுக்கி வச்சிருக்கேன் பாருங்க, நாலு விண்டர் டயர். ரிம்மோட இருக்கு. இன்னைக்கு இத மாட்டிக்கிட்டேதான் பேசப்போறேன், கை வெறச்சுப் போறதுக்குள்ள முடிக்கணும்.

என் ஃப்ரெண்டு ஒருத்தன் பனி கொட்டுற ஊருக்கு வேல மாத்திக்கிட்டுப் போறான். "நாலு சக்கரமும் இழுக்குற ஆல் வீல் டிரைவ் வண்டியா வாங்கிடவா, இல்ல இருக்கிற வண்டிக்கே விண்டர் டயர் போட்டாப் போதுமா?"ன்னு கேட்டான். ரெண்டுல ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா, யோசிக்கவே வேணாம்டா, டயருன்னு சொல்லிட்டேன். அவன் நம்பல. நானும் ஒரு காலத்துல நம்பல.

நான் பனியில மொதல்ல ஓட்டுனதே ஆல் வீல் டிரைவ் வண்டிதான். டயர் மட்டும் வாங்கும்போது வந்த அதே ஆல் சீசன், எல்லாப் பருவத்துக்கும் பொதுன்னு விக்கிறது. மொத பனி விழுந்த அன்னைக்கு ஒரு மேட்டுல மத்த வண்டியெல்லாம் வீல் சுத்திக்கிட்டு நிக்குது, நான் மட்டும் சர்ருன்னு ஏறிட்டேன். அப்போ எனக்கு இருந்த நெனப்பு இருக்கே... அதப் பத்திப் பேச வேணாம். திரும்பி வரும்போது அதே மேடு, இப்போ எறக்கம். கீழ ஸ்டாப் போர்டு. பிரேக்க மிதிக்கிறேன், பெடல் காலுக்கடியில டுர்ருர்ருன்னு அதிருது. சக்கரம் பூட்டிக்காமப் பாத்துக்கிற ஏபிஎஸ் வேல செய்யுது. ஆனா வண்டி அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு! ஸ்டியரிங்க ஒடிக்கிறேன், சக்கரம் திரும்புது, வண்டி திரும்பல. போர்டத் தாண்டி, ஓரத்துல குமிச்சு வச்சிருந்த பனிக்குள்ள போய்ச் சொருகி நின்னுச்சு. குறுக்க யாரும் வராததுதான் என் அதிர்ஷ்டம்.

ஏன் அப்படி ஆச்சு? ஆல் வீல் டிரைவ் பண்றது ஒரே ஒரு வேல. இன்ஜினோட இழுவைய நாலு சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கும். நின்ன எடத்துலேர்ந்து கெளம்ப, மேடு ஏற, பனிக்குள்ள மாட்டிக்கிட்டா வெளிய வர, அதுக்கு அருமையான சமாச்சாரம். ஆனா பிரேக்? எந்தக் காரா இருந்தாலும் பிரேக் நாலு வீல்லயும்தான இருக்கு! நிறுத்துறதுல ஆல் வீல் டிரைவுக்குன்னு தனியா ஒரு சலுகையும் கெடையாது. சொல்லப்போனா அந்த ஷாஃப்ட், டிஃபரென்ஷியல்னு கூடுதல் வெயிட் வேற.

இன்னொண்ணு, இதத்தான் யாரும் சொல்ல மாட்டாங்க. முன் சக்கரம் மட்டும் இழுக்குற வண்டின்னா, கெளம்பும்போதே வழுக்கி, "ஐயா, ரோடு சரியில்ல"ன்னு காட்டிக் குடுத்துடும். நீங்களும் வேகத்தக் கொறச்சுடுவீங்க. ஆல் வீல் டிரைவ் அத மறைச்சுடும். எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு போய்க்கிட்டே இருப்பீங்க, மொத தடவ பிரேக் அடிக்கிற வரைக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம். காஞ்ச தார் ரோட்டுல உராய்வு எண், அதாவது டயர் ரோட்ட எவ்ளோ புடிக்குதுங்கிற அளவு, 0.8னு வச்சா, பிரேக் புடிச்சதுலேர்ந்து நிக்கிறதுக்கு 12 மீட்டர் சொச்சம் ஆகும். இறுகிப்போன பனியில 0.25னு வச்சா கிட்டத்தட்ட 40 மீட்டர். வழவழன்னு ஐஸ் கட்டி 0.1க்கு எறங்கிடுச்சுன்னா 100 மீட்டர் பக்கம் போயிடும். இந்தக் கணக்குல இன்ஜின் எத்தன சக்கரத்த சுத்துதுங்கிறது எங்கயாவது வருதா? வரவே வராது. ரோட்டத் தொடுறது டயர், அதுவும் ஒவ்வொண்ணும் ஒரு உள்ளங்கை அகலம்தான். மொத்த வண்டியும் அந்த நாலு உள்ளங்கைய நம்பித்தான் ஓடுது.

இருங்க, போனக் கிட்ட கொண்டு வரேன். இது கழட்டப்போற சம்மர் டயர். கட்டை விரலால அமுக்குறேன்... ம்ஹூம், கட்டையாட்டம் இருக்கு. இப்போ விண்டர் டயர். பாருங்க, அமுக்கினா கொஞ்சம் உள்ள போகுது. சுமாரா 7 டிகிரிக்குக் கீழ போனா சம்மர் ரப்பர் இறுக ஆரம்பிச்சுடும், இது அப்பவும் மெத்துன்னு இருக்குற மாதிரி கலந்து செஞ்சது. அதனால பனியே இல்லாத குளிர் நாள்லயும் இதுக்கு வேல இருக்கு. அப்புறம் இந்தக் கட்டைங்க மேல பிளேடால கீறின மாதிரி நெளிநெளியாக் கோடு தெரியுதா? சைப்னு சொல்லுவாங்க. இப்படி வளைச்சா வாய் தொறக்குது பாருங்க. அந்த விளிம்பு ஒவ்வொண்ணும் பனியக் கவ்வும். பள்ளத்துல பனி போய் அடைஞ்சுக்கும், அதுவும் நல்லதுதான். பனியோட பனி ஒட்டும்ல, பனிப்பந்து உருட்டுறோமே, அதே சங்கதி.

வாங்கும்போது பக்கவாட்டுல மூணு சிகரம் போட்ட மலை, நடுவுல பூ மாதிரி ஒரு பனிச்செதில், அந்த முத்திரை இருக்கான்னு தேடுங்க. இதோ இங்க. பனியில வச்சு சோதிச்சுப் பாஸானாதான் இது கெடைக்கும். வெறும் எம் பிளஸ் எஸ்னு (சேறு, பனிங்கிறதோட சுருக்கம்) மட்டும் இருந்தா ஏமாந்துடாதீங்க. அதுக்குச் சோதனை எதுவும் கெடையாது, ட்ரெட், அதாவது ரோட்டத் தொடுற மேடு பள்ளம், அதோட டிசைன வச்சு கம்பெனியே போட்டுக்கிறது. ஜெர்மனியில 2024 அக்டோபர்லேர்ந்து பனி ரோட்டுக்கு இந்த மலை முத்திரை இருந்தாத்தான் செல்லும். கனடாவுல கியூபெக்ல டிசம்பர் 1லேர்ந்து மார்ச் 15 வரைக்கும் விண்டர் டயர் கட்டாயம், ஆல் வீல் டிரைவ் வச்சிருக்கேன்னு சொன்னாலும் விட மாட்டாங்க.

காசு மிச்சம் பண்றேன்னு ரெண்டே ரெண்டு டயர் மட்டும் மாட்டாதீங்க, தயவு செஞ்சு. முன்னாடி மட்டும் மாட்டினா மூக்கு நல்லாப் புடிக்கும், வளைவுல வால் சுத்திக்கிட்டு முன்னாடி வந்துடும். நாலும் ஒண்ணாத்தான். ஆல் வீல் டிரைவ் வண்டின்னா இன்னும் கண்டிப்பு. நாலும் ஒரே அளவு தேஞ்சிருக்கணும், இல்லன்னா சுத்தளவு மாறி முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல இழுவையக் கடத்துற கப்ளிங் சூடாகி வீணாப்போகும்.

அதுக்காக ஆல் வீல் டிரைவே வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. வீடு செங்குத்தான மேட்டுல இருக்கு, விடிகாலைல பனி வாரறதுக்கு முன்னாடியே வேலைக்குக் கெளம்பணும், அடிக்கடி மலை ரோடு, இப்படின்னா வாங்குங்க. அடிப்பாகம் ஒசரமா இருந்தா இன்னும் நல்லது. ஆனா டயருக்கும் சேத்துக் காசு எடுத்து வச்சுக்கிட்டு வாங்குங்க.

விண்டர் டயரும் மந்திரம் கெடையாது, அதையும் சொல்லிடுறேன். பூஜ்ஜியம் டிகிரி பக்கத்துல ஐஸ் மேல மெல்லிசாத் தண்ணி நிக்கும் பாருங்க, அப்போதான் ரொம்ப மோசம். கடுங்குளிர்ல கூட அவ்ளோ வழுக்காது. ட்ரெட் 4 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சுட்டா பனியில பிடிமானம் நல்லாவே விட்டுப் போயிடும். நெறைய நாட்டுல சட்டப்படி 1.6 வரைக்கும் ஓட்டலாம், ஆனா பனிக்குச் சட்டம் தெரியாதுல்ல? ஆஸ்திரியாவுல விண்டர் டயருக்கு 4னே வச்சிருக்காங்க, கெட்டிக்காரங்க. குளிர் ஏற ஏற டயர்ல காத்தழுத்தமும் எறங்கும், அஞ்சாறு டிகிரிக்கு சுமாரா 1 பி.எஸ்.ஐ. கொறையும். மாசம் ஒரு தடவ பாத்துடுங்க.

சரி, மொத வீல் மாட்டியாச்சு. நட்ட வரிசையா முடுக்காதீங்க, எதிரெதிரா, நட்சத்திரம் போடுற மாதிரி. கழட்டின டயர சும்மா தள்ளி வைக்காம வண்டிக்கு அடியில இப்படிப் படுக்க வைங்க, ஜாக்கி சரிஞ்சாலும் அது தாங்கிக்கும். எல்லாம் முடிச்சு ஒரு 50லேர்ந்து 100 கிலோமீட்டர் ஓட்டினதும் நட்ட இன்னொரு தடவ டார்க் ரெஞ்ச், அதான் இறுக்கத்த அளந்து முடுக்குற ஸ்பேனர், அத வச்சுப் பாக்கணும், மறந்துடாதீங்க.

இன்னும் மூணு வீல் பாக்கி, விரலு சுத்தமா மரத்துப் போச்சு. உள்ள போய்க் கையுறைய மாத்திட்டு வரேன். கேமராவ இப்போ ஆஃப் பண்ணிக்கிறேன், பாப்போம் மக்களே.