மதுரையில் இத்தாலிய மொழி: தமிழ் வழியாகத் தொடங்குவோம்

[காட்சி: விளக்குத்தூண் அருகே காலை நேரக் கடைத்தெரு. பின்னணிக் குரல் தொடங்குகிறது.]

இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 29. வளர்ந்த பிறகு தமிழைக் கற்று, அதில் நூல்களும் எழுதியவர் அவர். மேற்படிப்புக்காகவோ வேலைக்காகவோ இத்தாலிய மொழியின் முதல் இரு படிகளான ஏ1, ஏ2 நிலைகளைக் கற்க விரும்பும் மதுரைக்காரர்களுக்கு, அதே பாதை எதிர்த்திசையில் திறந்திருக்கிறது.

நம்மில் பலர் ஆங்கில விளக்கம் கொண்ட பாடநூலைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் முதலில் ஆங்கிலமாக்கிப் பிறகு இத்தாலியமாக்குகிறோம். இது தேவையில்லாத சுற்று வழி என்பது என் கருத்து.

[காட்சி: ஜிகர்தண்டாக் கடை. கண்ணாடிக் குவளையில் பால் ஊற்றப்படுகிறது.]

“எனக்கு ஜிகர்தண்டா பிடிக்கும்” என்பதை இத்தாலியத்தில் “மி பியாச்சே இல் ஜிகர்தண்டா” என்பார்கள். “மி” என்றால் “எனக்கு”. “நான்” என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தைப் பழகியவர்கள் தடுமாறும் இந்த இடத்தில், நான்காம் வேற்றுமையிலேயே விருப்பத்தைச் சொல்லிப் பழகிய நமக்குத் தடுமாற்றம் இல்லை. ஒரு வேறுபாட்டை மட்டும் கவனிக்க வேண்டும். பிடித்த பொருள் பன்மையானால் வினையும் மாறும்: புத்தகங்கள் பிடிக்கும் என்பதற்கு “மி பியாச்சோனோ இ லிப்ரி”.

வினைமுற்றும் அப்படியே. “பேசுகிறேன்” என்ற சொல்லுக்குள்ளேயே “நான்” அடங்கியிருப்பதுபோல் “பார்லோ” என்பதற்குள்ளும் அடங்கியிருக்கிறது. “பார்லி” என்றால் பேசுகிறாய், “பார்லியாமோ” என்றால் பேசுகிறோம். பேசுகிறான், பேசுகிறாள் இரண்டுக்கும் “பார்லா” ஒன்றே போதும்.

ஆனால் எல்லா இடத்திலும் தமிழ் கைகொடுக்காது. மரியாதைக்கு “நீங்கள்” என்று பன்மையைச் சொல்லும் பழக்கத்தில், இத்தாலியப் பன்மையான “வோய்” என்று சொன்னால், தென் இத்தாலியில் சில ஊர்களில் அது பொருந்தும். பொது வழக்கில் “லெய்” என்றே சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்கு “அவள்” என்றும் பொருள் உண்டு. மேலதிகாரியை அப்படி அழைக்க முதலில் நா எழாதுதான். பெயர்ச்சொற்களின் பாலோ மனப்பாடம்: மேசை ஆண்பால், நாற்காலி பெண்பால். “ஓ” என்று முடிந்தாலும் கை, அதாவது “லா மானோ”, பெண்பால். எனவே பெயர்ச்சொல்லை “இல்”, “லா” போன்ற அதன் முன்சொல்லோடு சேர்த்தே படியுங்கள்.

[காட்சி: கரும்பலகையில் இணை இணையாகச் சொற்கள் எழுதப்படுகின்றன.]

ஒலிப்பில்தான் நம் கை ஓங்கியிருக்கிறது. “பலி”, “பல்லி” ஆகிய சொற்களின் வேறுபாட்டைக் குழந்தையும் அறியும் மொழி நமது. ஆகவே “நோனோ” என்றால் ஒன்பதாவது, “நொன்னோ” என்றால் தாத்தா என்பது ஒரே தடவையில் காதில் பதிந்துவிடுகிறது. “பாலா” மண்வாரி, “பல்லா” பந்து. விமான நிலையத்தில் இறங்கியதும் தேவைப்படும் “பாஞ்ஞோ”, அதாவது குளியலறை அல்லது கழிவறை, “அஞ்ஞானம்” என்ற சொல்லை உச்சரிப்பவருக்குத் தானாக வரும்.

சிக்கல் நம் எழுத்தில் இருக்கிறது. பல ஒலிகளுக்கு ஒரே “ப” வைத்திருப்பதால், குறிப்பேட்டில் இத்தாலியச் சொற்களைத் தமிழில் எழுதிப் படிப்பவருக்கு, “குடிக்க” என்ற சொல்லும் “பேரிக்காய்கள்” என்ற சொல்லும் “பேரே” என்றே தெரியும். குறிப்பேட்டில் இத்தாலிய எழுத்தையே பயன்படுத்துங்கள். தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு இரு சொற்களையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள். “குடிக்க” என்பதன் முதல் ஒலியில் அதிர்வு விரலுக்குத் தெரியும். கொடைக்கானல் பேரிக்காயின் “ப” பழத்துக்கு. தெருமுனைப் பேக்கரியின் “ப” குடிப்பதற்கு.