கிரெடிட் ஆச்சுன்னா காசு வந்துச்சா? பதினொண்ணாவது காமர்ஸ் பசங்களுக்கு ஒரு வீடியோ

வணக்கம் மக்களே! கோத்தகிரியில இருந்து பேசுறேன். மழை விட்டு விட்டுப் பெய்யுது, அதான் திண்ணையில உட்கார்ந்துட்டேன். நடுவுல நான் சட்டுனு எழுந்து உள்ள ஓடினா பயப்படாதீங்க. கீழ்த் தோட்டத்துல காலையில இருந்து ஒரு காட்டெருமை நிக்குது.

பத்தாவது முடிச்சு காமர்ஸ் குரூப் எடுத்திருக்கற தம்பி தங்கச்சிங்களுக்குத்தான் இந்த வீடியோ. சனி ஞாயிறு எங்க வீட்டுக்கு டியூஷன் வர்ற பசங்க எல்லாருமே ஒரே இடத்துலதான் முட்டிக்கறாங்க. அக்கவுண்டன்சி புக்குல, உள்ளே வருவது பற்று (டெபிட்), வெளியே போவது வரவு (கிரெடிட்)ன்னு இருக்கும். போன வாரம் ஒரு பொண்ணு கேக்கறா: "அக்கா, எங்க அம்மா காசு வந்தா 'வரவு'ன்னுதானே நோட்டுல எழுதுவாங்க? புக்குல மாத்தி அடிச்சுட்டாங்களா?"

மாத்தி அடிக்கலம்மா. ஆனா உன் குழப்பத்துல தப்பே இல்ல. வீட்டு வரவு செலவு நோட்டுல வரவுன்னா வந்த காசு. பேங்க் மெசேஜ்ல 'கிரெடிட்'னு பாத்தாலே நமக்குச் சிரிப்பு வந்துடுது. அந்த கிரெடிட்டுக்குப் பாடப்புத்தகத்துல தமிழ் 'வரவு'. அப்புறம் ரொக்கம் வந்தா பற்றுன்னு சொன்னா யாருக்குத்தான் தலை சுத்தாது?

நானே பதினொண்ணாவது காலாண்டுப் பரிட்சையில ஒரு கணக்கு முழுக்கப் பற்றை வரவாவும், வரவைப் பற்றாவும் போட்டுட்டேன். கடைசியில இருப்பாய்வு, அதாவது பற்று எல்லாம் ஒரு பக்கம், வரவு எல்லாம் ஒரு பக்கம் கூட்டிப் பாத்தா, அழகா டேலி ஆகுது! சென்டம்தான்னு வீட்டுல சொல்லி வச்சேன். பேப்பர் கையில வந்தப்ப அந்தக் கணக்குக்கு முட்டை. ரெண்டு பக்கத்தையும் ஒட்டுமொத்தமா இடம் மாத்தினா ரெண்டு கூட்டுத்தொகையும் சமமாத்தானே இருக்கும்? டேலி ஆனா கணக்கு சரின்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அதுக்கப்புறம் நான் பிடிச்சுக்கிட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். இது யாரோட நோட்டு?

பேங்க் பாஸ்புக் உங்க கையில இருக்கு, உங்க பேரு இருக்கு. ஆனா அது பேங்க்கோட நோட்டு. நீங்க 1,000 ரூபாய் போட்டா, பேங்க்குக்கு அது வருமானம் இல்ல, உங்களுக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். தந்தவர் நீங்க, அதனால அவங்க நோட்டுல உங்க பேருல வரவு, அதாவது கிரெடிட். அதே 1,000 உங்க நோட்டுல எப்படி இருக்கும்? பெற்றுக்கிட்டது பேங்க், அதனால பேங்க் கணக்கு பற்று. ஒரே காசுதான். நோட்டு மாறினா பக்கம் மாறுது. லத்தீன்ல கிரெடிட்டுக்கு வேர்ச்சொல்லே 'நம்புறது'ங்கற அர்த்தம்தான். யாரு நம்பித் தந்தாங்களோ அவங்க பேரு அந்தப் பக்கம்.

இப்படி ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் பற்று, வரவுன்னு ரெண்டு இடத்துல எழுதறதுக்குப் பேரு இரட்டைப் பதிவு முறை. இதை வெனிஸ் வியாபாரிங்க ரொம்ப நாளா பண்ணிட்டு இருந்தாங்க. லூக்கா பசியோலின்னு ஒரு துறவி 1494-ல அச்சுப் புத்தகத்துல விளக்கி எழுதினாரு. அவருதான் கண்டுபிடிச்சாருன்னு ஒன் மார்க்குக்கு எழுதாதீங்க, எழுதி வச்சவரு அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். உங்க வீட்டுலயும் டீ பேக்டரிக்குத் தேயிலை போடுவீங்கல்ல? குன்னூர் ஏலத்துல டீத்தூள் என்ன விலைக்குப் போகுதோ, அதை வச்சுத்தான் இலைக்கு மாசாமாசம் விலை வரும். காசு அதுக்கப்புறம்தான் கைக்கு வரும். மார்ச்ல 500 கிலோ போட்டீங்க. கிலோ 20 ரூபாய்னு கணக்குக்காக வச்சுக்கலாம், (சிரிப்பு) எங்க அப்பா இதைப் பாத்தா 'எந்த பேக்டரிம்மா அது'ன்னு கேப்பாரு. மொத்தம் 10,000. ஆனா முன்னாடியே பேக்டரியில 3,000-க்கு உரம் வாங்கியிருந்தீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டு ஏப்ரல்ல 7,000 தர்றாங்க.

எங்க அப்பா நோட்டுல ஏப்ரல்ல 7,000 வரவு, அவ்வளவுதான் இருக்கும். உரமே காணோம்! மார்ச்ல வித்த இலையும் காணோம். ஆனா மார்ச் 31-ஓட கணக்கு வருஷம் முடியுது. மார்ச்ல வித்தது இந்த வருஷ வருமானம், காசு அடுத்த வருஷம் வந்தாலும் சரி. அதனால மார்ச்லயே பேக்டரி கணக்கு 10,000 பற்று, இலை விற்பனை 10,000 வரவு. உரம் வாங்கின அன்னைக்கே உரச் செலவு 3,000 பற்று, பேக்டரி 3,000 வரவு. பேக்டரி நமக்குத் தரவேண்டிய மீதி 7,000. ஏப்ரல்ல ரொக்கம் வந்ததும் ரொக்கம் பற்று, பேக்டரி வரவு, கணக்குத் தீர்ந்துச்சு. நம்ம நோட்டுல பேக்டரி கடனாளி. பேக்டரி நோட்டுல நாம கடனீந்தோர், அதாவது கடன் கொடுத்தவங்க. அவ்வளவு பெரிய பேக்டரி நமக்குக் கடனாளின்னு எழுதறப்ப ஒரு கெத்துதான், இல்லையா?

இன்னொரு பொண்ணு, அவ அம்மாவோட சேர்ந்து மே சீசனுக்குக் கோடநாடு காட்சிமுனைப் பக்கம் சோளம் வேகவச்சு விக்கறா. அவளுக்கு வேற சந்தேகம். "அம்மா கடைக்கு முதலாப் போட்ட 5,000 எங்களோட காசுதானே, அதை ஏன்க்கா பொறுப்புப் பக்கம், அதாவது தரவேண்டிய பாக்கி பக்கம் போடணும்?"

திரும்பவும் அதே கேள்விதான். யாரோட நோட்டு? கடையோட நோட்டு. கடை தனி ஆளு, உங்க அம்மா தனி ஆளு. அந்த 5,000-ஐ கடை உங்க அம்மாவுக்குத் தரணும். அதுல அடுப்பு 1,500-க்கு வாங்கினா கையில 3,500. மேட்டுப்பாளையத்துல இருந்து 2,000-க்குச் சோளம் கடனா வந்துச்சுன்னா, சொத்துப் பக்கம் ரொக்கம் 3,500, அடுப்பு 1,500, சோளம் 2,000, மொத்தம் 7,000. பொறுப்புப் பக்கம் அம்மாவுக்கு 5,000, சோளக்காரருக்கு 2,000. அதுவும் 7,000. இருப்புநிலைக் குறிப்புன்னா இதுதான், வேற ஒண்ணும் பூதம் இல்ல.

அப்ப அம்மா சாயங்காலம் கல்லாவுல இருந்து 300 எடுத்து ரேஷன் வாங்கினா? அது கடைச் செலவு இல்லம்மா, எடுப்பு. அம்மாவோட முதல்ல கழிக்கணும். இதைச் சொன்னதும் அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. சீசன் பூரா நல்ல வியாபாரம், ஆனா லாபமே நிக்கலன்னு வீட்டுல புலம்பிக்கிட்டு இருந்திருக்காங்க. ரேஷன், பஸ், தம்பியோட செருப்பு எல்லாத்தையும் சோளச் செலவுல எழுதி வச்சிருக்கா.

தேய்மானம், அதாவது பொருள் பழசாக ஆக அதோட மதிப்பு குறையறது, இன்னைக்கு வேணாம், அந்த அடுப்பை வச்சே அடுத்த வீடியோவுல பாத்துக்கலாம். அதுக்குள்ள உங்க வீட்டு இலை புக்கை எடுத்து, போன மாசக் கணக்கை நம்ம பக்கத்துல இருந்து ஒரு தடவை, பேக்டரி பக்கத்துல இருந்து ஒரு தடவை எழுதிப் பாருங்க. எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு கீழ சொல்லுங்க.

இருங்க, அம்மா கூப்பிடுறாங்க. இலை வண்டி வந்துடுச்சாம். ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கறாங்கன்னு பாக்கணும், நோட்டை எடுத்துக்கிட்டு ஓடறேன்.