நாற்காலி மாறினால் ரசிகருக்கு ஏன் வலிக்கிறது? 'தி டெய்லி ஷோ'வின் கதை

[திரை: நியூயார்க் ஸ்டுடியோ. செய்தி வாசிக்கும் மேசை. காலி நாற்காலி.]

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை இரவு. அமெரிக்காவில் காமெடி சென்ட்ரல் சேனலில் 'தி டெய்லி ஷோ' என்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சி தொடங்குகிறது. மேசைக்குப் பின்னால் அதன் பழைய தொகுப்பாளர் ஜான் ஸ்டூவர்ட். எட்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அதே நிகழ்ச்சிக்குத் திரும்பி வந்திருக்கிறார். பழைய ரசிகர்கள் எதற்காக ஏங்கிக்கொண்டிருந்தார்களோ அது நடந்துவிட்டது.

மறுநாளே அந்த ரசிகர்களில் ஒரு பகுதியினருக்கு அவர்மேல் கோபம் வந்துவிட்டது.

அன்று அவர் பேசியது அதிபர் தேர்தலில் நின்ற இருவரின் வயதைப் பற்றி. பைடனுக்கு அப்போது 81, டிரம்ப்புக்கு 77. இரண்டு பேரையும் கிண்டல் செய்தார். "இரண்டு பேரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாரே, இதற்காகவா திரும்பி வந்தார்?" என்று பலர் கொதித்தார்கள். டிரம்ப்பின் அண்ணன் மகளும் அவரைக் கடுமையாக விமர்சித்துவருபவருமான மேரி டிரம்ப்பே ஸ்டூவர்ட்டைக் கண்டித்து எழுதினார். அடுத்த திங்கட்கிழமை ஸ்டூவர்ட் அந்தக் கண்டனங்களை நிகழ்ச்சியிலேயே எடுத்துவைத்துப் பதில் சொன்னார்.

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் பட்டது. புதியவர் வந்தால் ரசிகர்கள் கோபப்படுவது புரிகிறது. பழையவரே திரும்பி வந்தாலும் கோபம் வருகிறது என்றால், அவர்கள் உண்மையில் தேடுவது எதை? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப்போகிறோம். அதற்கு ஆரம்பத்திலிருந்து வர வேண்டும்.

[திரை: 1996]

நிகழ்ச்சி தொடங்கியது 1996 ஜூலையில். லிஸ் வின்ஸ்டெட், மேடலின் ஸ்மித்பெர்க் என்ற இரண்டு பெண்கள் உருவாக்கியது. முதல் தொகுப்பாளர் கிரெக் கில்போர்ன். உயரமான ஆள், முன்பு விளையாட்டுச் செய்தி வாசித்தவர். அப்போது அரசியல் இதில் கொஞ்சம்தான். சினிமாக்காரர்கள், சின்ன ஊர்களில் நடக்கும் வினோதச் சம்பவங்கள், இப்படித்தான் ஓடியது. கில்போர்ன் வேறு சேனலுக்குப் போன பிறகு, 1999 ஜனவரி 11 அன்று ஸ்டூவர்ட் உட்கார்ந்தார்.

ஆமாம், ஸ்டூவர்ட்டும் ஒரு காலத்தில் இந்த நாற்காலிக்குப் புதியவர். அவர் நிகழ்ச்சியை அரசியல் பக்கம் திருப்ப முயன்றபோது, ஏற்கெனவே அங்கே வேலை செய்த எழுத்தாளர்களில் சிலர் முரண்டுபிடித்தார்கள். பின்னாளில் அவரை விட்டால் ஆளே இல்லை என்று சொன்ன ரசிகர்களுக்கு இது மறந்தே போய்விட்டது.

அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்பதற்கு ஒரு இரவைச் சொன்னால் போதும். 2001 செப்டம்பர் 20. இரட்டைக் கோபுரங்கள் விழுந்த பிறகு நிகழ்ச்சி திரும்பிய முதல் நாள். ஸ்டூவர்ட் மேசையில் உட்கார்ந்து பேசத் தொடங்கி, தொண்டை அடைத்து நிறுத்தினார், அழுதார், மறுபடி பேசினார். கடைசியில் தன் வீட்டு ஜன்னலைப் பற்றிச் சொன்னார். அதன் வழியே முன்பு தெரிந்தவை அந்தக் கோபுரங்கள். அவை போய்விட்டன. இப்போது அங்கிருந்து தெரிவது சுதந்திர தேவி சிலை.

நகைச்சுவைக்காரர் ஒருவர் நாட்டின் துக்கத்தில் கூடவே உட்கார்ந்த இரவு அது. அப்புறம் ஈராக் போர் வந்தது. போரை நியாயப்படுத்திப் பேசியவர்களின் பழைய பேச்சையும் புதிய பேச்சையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, கண்ணை உருட்டி ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, 'எனக்கு மட்டும்தான் இது அபத்தமாகத் தெரிகிறதோ' என்ற பயம் விலகும். வாரத்தில் நான்கு இரவு, பதினொரு மணிக்கு, பதினாறு ஆண்டுகள். வீட்டில் ஒருவரோடு தினமும் பேசிவிட்டுத் தூங்கப் போவது போல அது பழகிப்போனது.

[திரை: 2015]

2015 பிப்ரவரி 10 அன்று ஸ்டூவர்ட் விலகுவதாக அறிவித்தார். உடனே ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். 2013 கோடையில் அவர் படம் இயக்கப் போனபோது மேசையைப் பார்த்துக்கொண்ட ஜான் ஆலிவர் பலருக்கு முதல் தேர்வு. ஆனால் அவர் அதற்குள் எச்.பி.ஓ. சேனலில் சொந்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டார். ஒரு பெண் வர வேண்டும் என்று கேட்டவர்கள், நிகழ்ச்சியில் ஏற்கெனவே தோன்றிவந்த சமந்தா பீ பெயரையும் ஜெசிகா வில்லியம்ஸ் பெயரையும் சொன்னார்கள். ஜெசிகாவுக்கு அப்போது 25 வயது. தனக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை என்று அவரே மறுத்துவிட்டார்.

மார்ச் 30 அன்று வந்த பெயர் ட்ரெவர் நோவா. வயது 31. தென்னாப்பிரிக்கர். அதுவரை இந்த நிகழ்ச்சியில் மூன்றே முறை தோன்றியவர். அமெரிக்க வீடுகளில் முதலில் எழுந்தது, 'யார் இவர்?' என்ற கேள்விதான்.

ஒருநாள் கூட ஆகவில்லை. அவருடைய பழைய ட்வீட்டுகளை மக்கள் தோண்டி எடுத்தார்கள். யூதர்களைப் பற்றியும் பருமனான பெண்களைப் பற்றியும் எழுதியிருந்த மட்டமான ஜோக்குகள். வாழ்த்துச் சொன்னவர்களே கையை உதறினார்கள். சேனல் அவரைக் கைவிடவில்லை. நோவாவும், எடுபடாமல் போன ஒருசில ஜோக்குகளை வைத்துத் தன்னை அளந்துவிட வேண்டாம், தன் வளர்ச்சியையும் பாருங்கள் என்ற பொருளில் ஒரே ஒரு ட்வீட் போட்டுவிட்டு அமைதியானார்.

இந்தக் கோபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜோக்குகள் மோசமானவைதான், அவற்றால் புண்பட்டவர்களின் வருத்தம் நியாயமானது. அதோடு இன்னொன்றும் கலந்திருந்தது. அப்பா மாதிரி இருந்த ஸ்டூவர்ட்டுக்குப் பிரிவு விழா முடிவதற்கு முன்பே அவர் இடத்தில் உட்காரப்போகும் ஆளின் படத்தைக் காட்டிவிட்டார்கள். அந்த நிலையில் எந்தக் குறை கிடைத்தாலும் மனசு அதைப் பிடித்துக்கொள்ளும்.

இதை எனக்குப் புரியவைத்தது இன்னொரு நிகழ்ச்சி. 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் 'வீக்கெண்ட் அப்டேட்' என்று ஒரு நையாண்டிச் செய்திப் பகுதி உண்டு. 1998 ஜனவரியில் அதிலிருந்து நார்ம் மெக்டொனால்டை நீக்கிவிட்டு காலின் குவினை உட்கார வைத்தார்கள். நார்முக்கு உயிரைக் கொடுக்கும் ரசிகர்கள் இருந்தார்கள். குவின் முதல் நாள் ஒரு மதுக்கடைக் கதை சொன்னார். வழக்கமாகப் போகும் கடைக்குப் போகிறீர்கள். வழக்கமாக ஊற்றிக்கொடுப்பவர் இல்லை, யாரோ புது ஆள் நிற்கிறார். உங்களுக்குப் பிடிக்கவில்லை. பழையவர் கலந்து தருவது போல இவருக்குக் கலக்கவும் தெரியவில்லை. ஆனாலும் கடை அதே கடை, வேறு கடைக்குப் போகவும் மனசில்லை.

புதிதாக வந்த ஒருவர் ரசிகரின் மனதை இதைவிட நேர்மையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

[திரை: 2015 செப்டம்பர் 28]

நோவாவின் முதல் இரவு. அவரும் கிட்டத்தட்ட அதே வழியில்தான் போனார். ஸ்டூவர்ட் நமக்கெல்லாம் அரசியல் அப்பா மாதிரி இருந்தார், இப்போது அப்பா போய்விட்டார், வீட்டுக்குப் புதிதாக ஒரு மாற்றாந்தகப்பன் வந்திருக்கிறார், அவர் கறுப்பர் வேறு என்று சொன்னார். அரங்கம் சிரித்தது.

நோவாவின் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல் வேறு மாதிரி கேட்கும். அவர் 1984இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தபோது, ஒரு கறுப்பினப் பெண்ணும் வெள்ளைக்கார ஆணும் உறவு வைத்துக்கொள்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். அம்மா கோசா இனம், அப்பா சுவிட்சர்லாந்துக்காரர். தெருவில் அப்பாவோடு சேர்ந்து நடக்க முடியாத குழந்தை. பிறகு அம்மா திருமணம் செய்துகொண்ட மனிதர், 2009இல் அம்மாவைத் துப்பாக்கியால் சுட்டார். தலையில் குண்டு பாய்ந்தும் அம்மா பிழைத்தார். மாற்றாந்தகப்பன் என்ற சொல்லை ஒரு வீடு எவ்வளவு பயத்தோடு கேட்கும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

முதல் சில மாதங்கள் கஷ்டமாகத்தான் இருந்தன. தொலைக்காட்சியில் பார்ப்பவர்களின் எண்ணிக்கை நன்றாகவே சரிந்தது. ரசிகர்களின் பெரிய புகார், 'இவருக்குக் கோபமே வரவில்லை' என்பது. ஸ்டூவர்ட் கத்துவார், மேசையைத் தட்டுவார், முகத்தைக் கோணுவார். நோவா கன்னக்குழி விழச் சிரித்துக்கொண்டே பேசுவார். நாடு பற்றி எரியும்போது இவர் சிரிக்கிறாரே என்று தோன்றியிருக்கும்.

ஆனால் வெவ்வேறு ஊர்களில் வளர்ந்தவர்களுக்குக் கோபம் வெவ்வேறு உருவத்தில் வரும். முதல் வாரத்திலேயே நோவா அதைக் காட்டிவிட்டார். அப்போது டிரம்ப் வேட்பாளராக முன்னேறிக்கொண்டிருந்தார். அமெரிக்க நகைச்சுவைக்காரர்கள் எல்லோரும், 'இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்லை' என்று வியந்துகொண்டிருந்தார்கள். நோவா மட்டும், 'நான் பார்த்திருக்கிறேன்' என்றார். டிரம்ப்பின் பேச்சுக்குப் பக்கத்தில் இடி அமீன், ஜேக்கப் ஜூமா போன்ற ஆப்பிரிக்க அதிபர்களின் பேச்சை ஓடவிட்டார். இவர் அதிபராகத் தகுதியானவர்தான், போட்டியிடும் கண்டம் மட்டும்தான் தவறு என்றார். ஸ்டூவர்ட்டால் இதைச் செய்திருக்க முடியாது. அவருடைய திறமை குறைவு என்று சொல்லவில்லை, அவர் அங்கே வாழ்ந்ததில்லை. சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பலர் அன்றுதான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த டிசம்பரில் ஸ்டூவர்ட்டே விருந்தினராக வந்தார். செப்டம்பர் 11 மீட்புப் பணியில் நோய்வாய்ப்பட்டவர்களுக்கான மருத்துவ உதவிச் சட்டத்தை நீட்டிக்க அரசியல்வாதிகளை நெருக்க வேண்டியிருந்தது. நோவா அவருக்கு நிகழ்ச்சியில் தாராளமாக இடம் கொடுத்தார். அதே மாதத்தில் சட்டம் நிறைவேறியது. பழையவரின் நிழலுக்குப் பயப்படுகிறவர் அப்படி இடம் கொடுத்திருக்க மாட்டார்.

சரி, அவரை ரசிகர்கள் எப்போது முழுதாக ஏற்றுக்கொண்டார்கள்? என் பார்வையில் அது பதினொரு மணி நிகழ்ச்சியில் நடக்கவில்லை, விளம்பர இடைவேளையில் நடந்தது. கேமரா நின்ற பிறகு, அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களோடு நோவா சாதாரணமாகப் பேசுவார். எழுதி வைத்த வரிகள் கிடையாது. தன் பாட்டி, மொழிகள், போலீஸ் தன்னை நிறுத்திய அனுபவம் என்று பேச்சு போகும். அதைப் பதிவுசெய்து 'பிட்வீன் த சீன்ஸ்' என்ற பெயரில் இணையத்தில் போட்டார்கள். 2017இல் அதற்கு, தொலைக்காட்சிக்கான எம்மி விருது கிடைத்தது. தொலைக்காட்சியே இல்லாத மாணவர்கள், அமெரிக்காவைக் கண்ணால் பார்க்காதவர்கள் எல்லாம் போனில் அதைப் பார்த்தார்கள். ஸ்டூவர்ட்டின் வீட்டுக்கு வந்தவர், தனக்கென்று ஒரு திண்ணை கட்டிக்கொண்டார் என்றுதான் நான் நினைப்பேன்.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் கோட்டைக் கழற்றிவிட்டு, சாதாரண உடையில் தன் வீட்டிலிருந்தே நிகழ்ச்சியை நடத்தினார். மே 29 அன்று, கறுப்பரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் ஒருவர் கொன்றதைப் பற்றிப் பதினெட்டு நிமிடம் பேசிய வீடியோவை வெளியிட்டார். சமூகம் என்பது எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், அதைக் காக்க வேண்டியவர்களே மீறினால் மற்றவர்கள் ஏன் மதிக்க வேண்டும் என்று கேட்டார். ஜோக் இல்லை, கைதட்டல் இல்லை. 2001இல் ஸ்டூவர்ட் அழுத இரவோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய பதிவு அது. அன்று, 'இவருக்குக் கோபமே வராது' என்ற புகார் அடங்கிப்போனது.

2022 செப்டம்பரில் நோவா விலகுவதாகச் சொன்னபோது, ஏழு ஆண்டுக்கு முன் கேட்ட அதே வார்த்தைகளை மறுபடி கேட்க முடிந்தது. 'இவர் போய்விட்டால் இனி யார்?' 2023 ஜனவரியிலிருந்து சேனல் ஒரே ஆளைத் தேர்ந்தெடுக்காமல் லெஸ்லி ஜோன்ஸ், வாண்டா சைக்ஸ், கால் பென் என்று வாரத்துக்கு ஒருவரை உட்கார வைத்துப் பார்த்தது. பிரிட்டனில் 'ஹாவ் ஐ காட் நியூஸ் ஃபார் யூ' என்ற செய்தி நையாண்டி நிகழ்ச்சி 2002இலிருந்து இப்படித்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே இயன் ஹிஸ்லப், பால் மெர்டன் என்ற இரண்டு நிரந்தர முகங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இங்கே அப்படி யாரும் இல்லை. சில வாரங்கள் நன்றாக இருந்தன, ஆனால் ரசிகருக்கு யாரோடும் பழக நேரம் கிடைக்கவில்லை. மே மாதம் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் வந்து மாதக்கணக்கில் நிகழ்ச்சியே நின்றது. அப்புறம்தான் திங்கட்கிழமைக்கு மட்டும் ஸ்டூவர்ட் திரும்பினார்.

வந்தவர்மேல் ஏன் கோபம் என்று முதலில் கேட்டேன் அல்லவா? ரசிகர்கள் மனதில் வைத்திருந்தது 2015இல் விடைபெற்ற ஸ்டூவர்ட்டை. இடைப்பட்ட ஆண்டுகளில் நாடும் மாறியது, ரசிகர்களும் மாறினார்கள். தங்கள் பக்கம் நிற்பவர் தங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற எதிர்பார்ப்பு கூடியிருந்தது. திரும்பி வந்தவரோ, முன்பு போலவே இரண்டு பக்கத்தையும் கேள்வி கேட்டார். அந்த இரவைப் பொறுத்தவரை அவரும் அவர்களுக்கு ஒரு புதியவர்தான்.

[திரை: 2022 டிசம்பர் 8. நிரம்பிய அரங்கம்.]

இனி நோவாவின் கடைசி இரவுக்கு வருகிறேன். தன்னை வளர்த்த அம்மாவையும் பாட்டியையும் நினைத்து, கறுப்பினப் பெண்களுக்குக் கண் கலங்க நன்றி சொன்னார். அதற்கும் முன்னால், எதிரே நிறைந்திருந்த அரங்கத்தைப் பார்த்து ஒன்றைச் சொன்னார். நிகழ்ச்சியைத் தொடங்கிய காலத்தில் இந்த இருக்கைகளை நிரப்பக்கூட ஆள் கிடைக்கவில்லையாம். அதனால், யாராவது உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இருக்கையைப் பார்க்கும்போதும், அதற்குப் பின்னால் அந்தக் காலி இருக்கை தனக்குத் தெரிகிறது என்றார்.